சிவப்புக் கோட்டை முத்திரை

முத்திரையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தபாற்கந்தோரில் அதற்கென்று ஒரு கண்ணாடிக் கிண்ணமும் பஞ்சும் வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாகக் காலையில் நான்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் நம் சனம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உப தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளையாகிய நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இப்போது மறந்துவிட்ட மாதிரி நடிக்கிறீர்கள். பிரசைகள் குழுத் தலைவர் வைத்திலிங்கம் அவர்கள் போன ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து, நடந்ததை நான் எழுத்தில் தர வேண்டும் என்றார். தருகிறேன். வாயால் சொன்னால் இடையில் யாராவது அழுவார்கள், யாராவது செருப்பைத் தூக்குவார்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. என் கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

தலைவர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார். "போஸ்ட்மாஸ்ரர், நீர் ஏமாந்தது தெரிஞ்ச உடனை நாலு பேருக்குச் சொல்லியிருந்தால் அடுத்தவனாவது தப்பியிருப்பான் எல்லே?" கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஏமாந்து போனவன் என்ன செய்ய வேண்டும் என்று ஏமாறாதவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருந்தது, எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம் வரைக்கும்.

அந்த வருடம் என் மகன் தில்லைநாதனுக்கு இருபது வயது. இருபது வயதுப் பெடியன் ஒருவன் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று தானாகப் படகேறி இயக்கத்துக்குப் போவான், அல்லது ஆமி பிடித்து ஏற்றும். மூன்றாவது வழி ஜேர்மனி. எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. நான் மூன்றாவது வழியைப் பார்த்தேன்.

காரைநகர் ஐயாத்துரை அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மேசை போட்டு, பெடியளை வெளியில் அனுப்பும் ஏஜென்சி நடத்தினார். நல்ல வெள்ளைச் சேட்டு போட்டிருப்பார், தணிந்த பேச்சு. நான் அவரிடம் கடதாசியில் எழுதி வாங்கவில்லை. கடதாசியை இருபத்தாறு வருடமாகப் பார்த்தவனுக்கு அதன் பெறுமதி தெரியும். அவரை நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, "இந்தப் பிள்ளையை ஜேர்மனியில இறக்கிறது என்ர பொறுப்பு" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தார். நம் தீவுகளில் அதற்கு மேல் சாட்சி கிடையாது. காணிச் சண்டைகளையே அப்படித்தான் தீர்த்திருக்கிறோம். கற்பூரம் அணைத்துப் பொய் சொன்னவனுக்குக் கண் தெரியாமல் போகும் என்று கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஐயாத்துரைக்கு இன்றைக்கும் நல்ல கண்.

என் மனைவி இராசேஸ்வரியின் சீதனக் காணியை ஈடு வைத்து மாசியில் பிள்ளையை அனுப்பினோம். பங்குனியில் ஒரு நாள் காலை தபாற் பையை அவிழ்த்தபோது பம்பாயிலிருந்து அவனுடைய கடிதம் இருந்தது. ஐயாத்துரையின் ஆள் எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லையாம். ஒரு அறையில் பதினான்கு பேராம். இருக்கிற காசு இரண்டு கிழமைக்குத்தான் காணுமாம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்து நின்றவருக்கு முத்திரை கொடுத்தேன். மிச்சக் காசையும் சரியாகக் கொடுத்தேன். நான் செய்த முதல் வேலை அதுதான்.

யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பொலிசிடம் போயிருந்தால், பொலிசு வாசலில் ஆழ்வாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று மறுநாள் இயக்கப் பெடியள் வந்து கேட்டிருப்பார்கள். பெடியளிடம் சொல்லியிருந்தால் ஐயாத்துரையைக் கம்பத்தில் கட்டிச் சுட்டிருப்பார்கள். செத்தவனால் என் பிள்ளையைப் பம்பாயிலிருந்து கிளப்ப முடியுமா? ஊரிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் எல்லோரும் வீடு தேடி வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, ஒழுங்கை திரும்பினதும் தபாற்கந்தோர்க்காரனுக்குமா புத்தி இல்லை என்று பேசியிருப்பீர்கள். உங்கள் பரிதாபத்தால் ஒரு விமானச் சீட்டு வாங்க ஏலாது.

அதனால் நான் ஏமாற்றியவனிடமே போனேன். அவர் ஓடி ஒளியவில்லை. கதிரை எடுத்துப் போட்டார். பம்பாயில் இருந்த ஆள் தன்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றிவிட்டான் என்றார். அதை நான் நம்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவுமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்ரர், நான் ஓடுற ஆள் எண்டால் இஞ்சை இருப்பனே? இன்னும் ஒரு பெடியன் முழுக் காசோடை வந்தால் உங்கட பெடியனையும் சேர்த்து அனுப்பலாம். உங்கட ஊரில உங்கட சொல்லுக்குத்தான் மதிப்பு. மகன் போய்ச் சேர்ந்திட்டான் எண்டு ஒரு கடிதம் வந்தால் போதும்."

நான் யோசித்துப் பார்க்கிறேன் என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

எனக்கு முத்திரை சேர்க்கிற பழக்கம் உண்டு என்பது ஊருக்குத் தெரியும். வெளிநாட்டுக் கடிதம் வருகிற வீடுகளில் கேட்டு வாங்கி ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அதில் ஜேர்மன் முத்திரை நான்கு இருந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு கோட்டையின் படம். மதியம் கந்தோர் பூட்டியிருக்கும் நேரத்தில் குசினி அடுப்படியில் உட்கார்ந்து முதல் கடிதத்தை எழுதினேன். மகனுக்கு எழுத்துப் பழக்கியவன் நான். அவன் எழுத்து எனக்கு வராதா? முத்திரையில் ஜேர்மன் தபாற் குறியின் பாதி வட்டம் விழுந்திருந்தது. மீதி வட்டத்தை உறையில் கறுத்த மையால் வரைந்தேன். பார்த்தால் நானே ஏமாந்துவிடுவேன், அவ்வளவு துப்புரவான வேலை.

இராசேஸ்வரிக்கும் அதைத்தான் வாசித்தேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள். மகன் போய்ச் சேர்ந்தால் அம்மன் கோயிலைச் சுற்றி அடியழிப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். விழுந்து கும்பிட்டு எழும்பி, கை பட்ட இடத்தில் கால் வைத்து, மறுபடி விழுந்து கும்பிட்டு, அப்படியே வீதி முழுக்கச் சுற்ற வேண்டும். சித்திரை வெயில். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். நெற்றியும் முழங்காலும் மண்ணில் உரசிச் சிவந்துவிட்டன. நம்மூர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கடிதத்தைச் சந்தேகப்பட்டவன் இருந்தாலும் அவளுடைய முழங்காலைப் பார்த்த பிறகு சந்தேகப்பட்டிருக்க மாட்டான். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்படிச் செய்திருக்க முடியாது. அவளுக்கு நடிக்க வராது.

அன்றைக்கு அவள் விழுகிற இடங்களில் முன்னால் போய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனவள் ஞானசவுந்தரி. எங்கள் பின்வேலிக்காரி. அவள் புருஷன் தெற்கில் கடையில் நின்றவன். எண்பத்து மூன்று ஆடியில் கடையோடு சேர்த்து எரித்தார்கள். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மிஞ்சியிருந்தது ஒரே மகன் குகானந்தன், பத்தொன்பது வயது.

வழிபாடு முடிந்ததும் அவள் என்னைச் சந்நிதிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணை, வீட்டுக் காணியை விக்கிறதெண்டு நினைச்சிட்டன். நீங்கள் கற்பூரம் அணைச்சுச் சொல்லுங்கோ, ஐயாத்துரை சரியான ஆளோ எண்டு. பிறகு நான் ஒருத்தரிட்டையும் கேக்கமாட்டன்."

நான் அவளைத் தேடிப் போகவில்லை. அவள்தான் வந்தாள். இதைத் தலைவர் குறித்துக்கொள்ள வேண்டும். கற்பூரம் கொளுத்தினேன். என்ர பிள்ளையை ஐயாத்துரைதான் ஜேர்மனியில் இறக்கினவர் என்று சொல்லிக் கையால் பொத்தினேன். ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, மூன்று நாளில் ஆறிவிட்டது.

வைகாசியில் குகன் போனான். அவனுடைய பெட்டியை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். "போட்டு வாறன் மாமா, அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். பார்த்துக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் அந்தச் சொல்லை நான் காப்பாற்றினேன்.

ஐயாத்துரையும் சொன்னபடி நடந்தார். என்னை அவர் இரண்டாம் முறை ஏமாற்றவில்லை. குகனுடைய காசில் பம்பாயிலிருந்து இரண்டு பேரையும் ஒன்றாகக் கிளப்பினார். விமானம், பிறகு ஏதோ இரண்டு நாட்டுக்கு நடுவில் ஒரு பூட்டிய லொறி. அதற்குள் ஒன்பது பேர். எண்பத்தாறு தை மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் ஒரு தந்தி சொன்னார்கள். நான்தான் கேட்டுத் தாளில் எழுதினேன். தந்தியில் ஒரு சொல் பிழைத்தாலும் பொருள் மாறிவிடும் என்பதால் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். லொறிக்குள் மூச்சு முட்டிக் குகன் இறந்துவிட்டான், அடக்கம் அங்கேயே முடிந்தது. அனுப்பியவன் என் மகன் தில்லைநாதன். பெறுபவர் ஞானசவுந்தரி.

எண்பத்து மூன்றில் அவளுக்கு வந்த தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். வாசித்துக் காட்டியபோது அவள் முற்றத்துக் கிணற்றுக்கட்டில் தலையை மோதிக்கொண்டதை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. இரண்டாவது தந்தியையும் அதே முற்றத்துக்குக் கொண்டுபோ என்று என்னிடம் எந்த நெஞ்சோடு சொல்கிறீர்கள்? லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த கிழமை அவளுக்குக் குகனிடமிருந்து கடிதம் வந்தது.

இரண்டு வருடத்தில் பதினொரு கடிதம். பனி கொட்டுகிறது என்று எழுதினேன். பாண் சாப்பிட்டு அலுத்துவிட்டது, உன்னுடைய ஒடியற்கூழ் வேண்டும் என்று எழுதினேன். வேலைக்கு அனுமதி கிடைத்ததும் காசு அனுப்பி வித்த காணியை மீட்பேன் என்று எழுதினேன். அவள் வேலியோரம் வந்து நின்று கேட்பாள். ஒரே கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்வாள். பதிலையும் நான்தான் எழுதுவேன். அவள் உடம்பு தேறியதை எல்லோரும் பார்த்தீர்கள். கோயிலில் மற்றப் பெண்களோடு சிரித்துப் பேசினாள். இந்தத் தீவில் அந்த இரண்டு வருடமும் பிள்ளையைப் பற்றிப் பயமில்லாமல் படுத்து எழும்பிய தாய் அவள் ஒருத்திதான். அதை அவளுக்குக் கொடுத்தது பிரசைகள் குழுவா?

முத்திரைதான் கரைச்சல். நான்கை வைத்துக்கொண்டு அவளுக்கும் இராசேஸ்வரிக்கும் எத்தனை கடிதம் எழுதுவது? வாசித்து முடிந்ததும், முத்திரையை ஆல்பத்துக்குத் தாரும் பிள்ளை என்று கேட்பேன். உறையின் மூலையைக் கிழித்து அவளே தருவாள். தண்ணீரில் ஊறவிட்டுக் கழற்றி, காயவைத்து, பசை பூசி மறுபடி பாவித்தேன். ஒருவரும் முத்திரையைப் பார்ப்பதில்லை. எழுத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எழுத்துத் தெரியாதவள் வேறு எதைப் பார்ப்பாள் என்று யோசிக்கவில்லை.

போன புரட்டாதியில் அவள் ஒரு கடிதத்தை நயினாதீவுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். ஐயர் எண்ணெய்க் கையால் குங்குமம் தொட்டு உறையில் வைத்திருக்கிறார். அது முத்திரையிலுள்ள கோட்டையின் வாசலில் விழுந்திருக்கிறது. அந்த மூலையை அதற்குப் பிறகுதான் கிழித்து எனக்குத் தந்தாள். எண்ணெயில் குழைந்த குங்குமம் தண்ணீரில் போகாது. சிவப்பு முத்திரையில் சிவப்புப் பொட்டு என் கண்ணில் படவில்லை. சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லாததால் ஒரு வருடமாக மூக்குக்கண்ணாடி மாற்ற ஏலாமல் இருந்தேன். காரணம் அவ்வளவுதான். கற்பூரத்தையும் என் கண்ணையும் சேர்த்துக் கதைக்கிறவர்கள் கதைக்கட்டும்.

இந்தத் தையில் பதினோராவது கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போனவள் அரை மணித்தியாலத்தில் கந்தோருக்கே வந்தாள். வேறு ஒருவரும் இல்லை. உறையை மேசையில் வைத்து முத்திரையில் விரலை வைத்தாள்.

"அண்ணை, இந்தப் பொட்டு அம்மன்ர. புரட்டாதியில நான் வைப்பிச்சது."

எல்லா முத்திரையும் ஒரே மாதிரித்தான் பிள்ளை இருக்கும் என்றேன்.

"ஓம் அண்ணை. பொட்டும் ஒரே மாதிரியே இருக்கும்?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குகன் எங்கே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிக் கேட்கவில்லை.

"எப்ப செத்தவன்?"

லாச்சியைத் திறந்து தந்தியை எடுத்துக் கொடுத்தேன். திகதியை வாசித்துச் சொன்னேன். தந்தி கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும்; அது விதி. மைப்பெட்டியை நகர்த்தி அவளுடைய பெருவிரலைப் பிடித்து ஒற்றினேன். அவள் கையை இழுக்கவில்லை. விரலில் மை இருக்கும்போதே மற்றக் கையால் மாதங்களை எண்ணினாள்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. ரெண்டு திவசம் தவறிப் போட்டுது. ரெண்டு வருசம் என்ர பிள்ளைக்கு ஒரு பிடி சோறு, ஒரு சொட்டு எள்ளுத்தண்ணி வைக்கேல்லை அண்ணை. பசியோடை நிண்டிருப்பான். நான் அவன்ர கடிதம் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

படியிறங்கிப் போய்விட்டாள். கிணற்றுக்கட்டுக்கும் போகவில்லை; உங்களிடம்தான் வந்தாள். செத்தவனுக்குச் செய்ய வேண்டிய காரியம் என்று ஒன்று இருப்பதை நான் மறந்துபோனேன். அதைப் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் உயிரோடு வைத்திருந்ததால் எனக்கே அவன் செத்தது நினைவில் இல்லாமல் போய்விட்டது.

ஆகவே தலைவர் அவர்களுக்கு என் பதில் இதுதான். ஏமாந்தவன் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். நான் சொல்லியிருந்தால் குகன் இன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பான், என் மகன் பம்பாய் அறையில் கிடந்து அழிந்திருப்பான். இரண்டில் ஒரு வீடு என்று வந்தபோது நான் பின்வேலிக்காரியின் வீட்டைக் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். ஐயாத்துரை கள்ளன் என்று தெரிந்து, கடவுளுக்கு முன்னால் அவரை நல்லவர் என்று சொல்லி, அவளுடைய பிள்ளையை அனுப்பினேன். உங்கள் பிள்ளை அந்த அறையில் இருந்திருந்தால் நீங்களும் அணைத்திருப்பீர்கள். அணைக்க மாட்டேன் என்கிறவர் நயினாதீவுக்கு வந்து கற்பூரம் கொளுத்திச் சொல்லட்டும்.

இதை ஞானசவுந்தரிக்கு வாசித்துக் காட்ட ஆள் தேட வேண்டாம். நானே வாசிக்கிறேன். என் குரல்தான் அவளுக்குப் பழக்கம்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. தந்தி வந்த மாதமே தில்லைநாதன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். லொறிக்குள் குகன் அவனுடைய தோளில் சாய்ந்துகொண்டு, மாமா கற்பூரம் அணைத்துச் சொன்னவர், ஒன்றும் நடவாது என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். "அப்பா, இனி நான் உங்களுக்கு எழுத மாட்டேன். அம்மாவுக்கு என்ன சொல்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள்" என்று முடித்திருந்தான். இளம் இரத்தம், கோபம் வரத்தான் செய்யும். ஆறிவிட்டது. அதன் பிறகு மாதம் தவறாமல் அவனிடமிருந்து கடிதம் வருகிறது. இராசேஸ்வரி ஒவ்வொன்றையும் சாமி அறையில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

இன்றைக்கும் ஒன்று வந்தது. குழு என்னை விசாரிப்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. "அப்பா, நீங்கள் செய்தது சரி. எந்தத் தகப்பனும் இதைத்தான் செய்வான். எனக்கு உங்களில் ஒரு கோபமும் இல்லை" என்று எழுதியிருக்கிறான். ஊர் முழுக்க எதிர்த்து நின்றாலும் எனக்கு இந்த ஒரு சாட்சி போதும். உறையோடு சேர்த்து இத்துடன் இணைக்கிறேன். கையில் எடுக்கிறவர் கவனமாக எடுக்கவும், முத்திரை இன்னும் காயவில்லை.